மூடியளவு தண்ணீர்

எஞ்சின் செத்துப்போன மரப்படகு ஒன்றைக் கடலோரக் காவல் கப்பல் இழுத்துக்கொண்டு வருகிறது என்ற செய்தி காலையிலேயே நிக்கோபார் தீவின் கேம்பல் பே முழுக்கப் பரவிவிட்டது. பர்மாப் பக்கமிருந்து கிளம்பி, திசை தப்பி, எத்தனையோ நாள் அலைந்த படகாம். அதில் பாதிக்கு மேல் குழந்தைகளாம்.

பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் குழந்தைகளைப் படகுத்துறைக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் சுஜிதா அங்கே பெஞ்சுகளை ஓரம் தள்ளி, பாய் விரித்து, ஓ.ஆர்.எஸ். உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கலந்து தயாராக இருந்தாள். அவளுடைய அப்பா குமரிக் கடற்கரையின் தூத்தூரிலிருந்து மீன்பிடிக்க வந்து இந்தத் தீவிலேயே நிலைத்துவிட்டவர். கடலில் தத்தளித்துக் கரையேறியவர்களை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். தண்ணீரைக் கண்டதும் பாய்வார்கள், பிடுங்கிக் கவிழ்ப்பார்கள், குடித்ததையெல்லாம் வாந்தியெடுப்பார்கள்.

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொடுக்கணும். பிடுங்கினா விட்டுராத, கேட்டியா?" என்று ஆயா ப்ரியங்காவிடம் சொல்லிவைத்திருந்தாள்.

குழந்தைகள் பாயவில்லை. யாரும் சொல்லாமலே சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் இருந்தவள் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி. உப்புப் பூத்த முகம், வெடித்த உதடு. அவள் மடியில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன் துணிபோலத் துவண்டு கிடந்தான்.

சுஜிதா அவளிடம் டம்ளரை நீட்டினாள். அந்தப் பெண் பாவாடை முடிச்சை அவிழ்த்து நீல நிறப் பாட்டில் மூடி ஒன்றை எடுத்தாள். ஒரு மூடி மொண்டு பையனின் வாயில் விட்டாள். ஒரு மூடி தான் குடித்தாள். பிறகு டம்ளரையும் மூடியையும் பக்கத்துக் குழந்தையிடம் கொடுத்தாள். அது ஒரு மூடி குடித்து அடுத்ததிடம் நகர்த்தியது. மூன்று வயதுக் குழந்தைகூட ஒரே மூடிதான். கடைசிவரை போய் டம்ளர் திரும்பி வந்தபோது அதில் இன்னும் தண்ணீர் இருந்தது. எல்லாக் கண்களும் அதன்மேல்தான். ஒரு கைகூட நீளவில்லை.

சுஜிதா ஆளுக்கொரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அப்போதும் யாரும் தொடவில்லை. சிறுமி மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

ப்ரியங்கா ஹேவ்லாக் தீவில் பிறந்த வங்காளிப் பெண். அந்தக் குழந்தைகளின் பேச்சு அவளுக்குப் பாதிக்குப் பாதி விளங்கியது. "தீதி," என்று சுஜிதாவை அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டாள். "மழை வந்தாத்தான் ரெண்டாவது மூடின்னு இந்த லட்கி சொல்லுது."

சுஜிதா அந்த நீல மூடியைப் பார்த்தாள். பெரியவர்களே ஒருவரையொருவர் தள்ளிவிடும் இடத்தில் இந்தக் குஞ்சுகள் இப்படியொரு ஒழுங்கைக் கட்டிக் காத்து வந்திருக்கின்றனவா?

யோசிக்க நேரமில்லை. மடியிலிருந்த பையனின் வாயில் விட்ட தண்ணீர் கடைவாய் வழியே அப்படியே வழிந்துகொண்டிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு விழுந்தது விழுந்தபடியே நின்றது. பாதம் சில்லிட்டிருந்தது.

"டாக்டர்! இங்க வாங்க, சீக்கிரம்!"

கூடத்தின் மறுகோடியிலிருந்து டாக்டர் பாலகுமார் ஓடி வந்தார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். கையில் பார்த்தார், காலில் பார்த்தார், நெற்றியில் பார்த்தார். ஊசி ஏற ஒரு நரம்பும் அகப்படவில்லை.

"எல்லாம் வத்திப்போச்சு சிஸ்டர். எலும்புலதான் போடணும். நீங்க முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

"டிரெய்னிங்ல பொம்மைக்குப் போட்டுருக்கேன், டாக்டர்."

"நானும் கூட நின்னு பார்த்ததோட சரி. காலை அசையாமப் பிடிச்சுக்குங்க."

பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே, அந்தக் குச்சி எலும்பில், டாக்டர் தடித்த ஊசியை வைத்துத் திருகி அழுத்தினார். சட்டென்று ஏதோ விட்டுக்கொடுத்ததை சுஜிதாவின் விரல்களும் உணர்ந்தன. ஊசி யாரும் பிடிக்காமலே நிமிர்ந்து நின்றது. சிரிஞ்சால் மெதுவாகச் செலுத்தியபோது மருந்துநீர் உள்ளே போனது. எலும்புக்குள் ஊற்றுவது ரத்தத்தில் போய்ச் சேரும் என்று புத்தகத்தில் படித்தவள்தான். கண்முன்னே அது நடந்தபோது, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது.

சிறுமி அழவில்லை. பையனின் இன்னொரு பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒரு பாட்டிலில் பாதி இறங்கிய பிறகு அந்தப் பாதத்தில் சூடு வந்தது. கண் திறந்தது. ஈனக்குரலில் ஓர் அழுகை. அதற்கப்புறம் வெகுநேரம் கழித்து சுஜிதா காத்திருந்தது நடந்தது. பெஞ்சு நனைந்து, டாக்டரின் சட்டையிலும் பட்டது.

"மூத்திரம் போயிட்டான்! டாக்டர், பிள்ள மூத்திரம் போயிட்டான்!" சுஜிதா கூடமே அதிரக் கத்தினாள். டாக்டர் ஈரச் சட்டையோடு சிரித்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"உன் தம்பி பிழைச்சுட்டான் மக்களே. அவன் பேரு என்ன?" என்று சுஜிதா அப்பாவின் ஊர்ப்பேச்சில் செல்லமாகச் சிறுமியிடம் கேட்டாள்.

ப்ரியங்கா கேட்டுச் சொல்வதற்குள் இரண்டு தடவை நின்றாள். "தம்பி இல்லையாம், தீதி. பேரும் தெரியாதாம். படகுல பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவோட பச்சாவாம். அந்த அம்மா வழியிலேயே போய்ட்டாங்களாம். யாரோ ஒருத்தர் தூக்கிக்கணும்ல, அப்படீங்குது."

சுஜிதா சிறுமியின் கையைப் பிடித்து வாசல் குழாயடிக்கு அழைத்துப்போனாள். குழாயைத் திறந்தாள். நல்ல தண்ணீர் கொட்டியது. சிறுமி பதறிப்போய்ப் பாய்ந்து குழாயை மூடினாள். சுஜிதா மறுபடி திறந்தாள். சிறுமி மறுபடி மூடினாள். மூன்றாம் முறை திறந்தபோது சிறுமியின் கை பாதியில் நின்றது. ஓடும் தண்ணீரையே பார்த்தாள். நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. மெல்லக் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பிறகு உள்ளே திரும்பி ஒரே ஒரு சொல் கூவினாள். கூடத்தில் எல்லா டம்ளர்களும் ஒன்றாக மேலே எழுந்தன.

அடுத்து வந்த நாட்களில் தட்டம்மை ஊசி போட்டார்கள். கஞ்சியும் முட்டையும் கொடுத்தார்கள். சொறிக்கு மருந்து தடவினார்கள். ஒரு குழந்தையும் சாகவில்லை. பிறகு எல்லோரையும் போர்ட் பிளேருக்குக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள் என்பது சுஜிதாவுக்குத் தெரியாது. கேட்டும் யாரும் சொல்லவில்லை.

படகுத்துறையில் நின்று பார்த்தாள். சிறுமி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். இப்போது அவன் கனத்துவிட்டான். கீழே விடச் சொல்லி அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்துக் கத்தினான். அவள் அவனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஏறிப்போனாள்.