முதல் மணி நேரப் பால்

பிரசவ வார்டில் அவளை எல்லோரும் ரயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நடையில் அவ்வளவு வேகம். பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் அவள் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்றால் ஓடாமல் என்ன செய்வது?

இரண்டு மாதம் முன்பு தலைமை நர்ஸ் ஒரு அட்டையோடு வந்து நின்றாள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு நாற்பத்தொன்று. வெட்கக்கேடு, தொண்ணூறு வந்தாக வேண்டும் என்று அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். ஆபரேஷன் ஆன தாய்மாரின் மார்பில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரே ஒரு ஆள் கூடுதலாகக் கொடுங்கள், எண் தானாக ஏறும் என்று ரயிலக்கா கேட்டுப் பார்த்தாள். ஆள் வரவில்லை. புதுப் பதிவேடுதான் வந்தது. அதில் குழந்தையின் எடைக்கு அடுத்து 'முதல் மணி நேரப் பால்' என்று ஒரு கட்டம்.

நர்ஸ்கள் லேசுப்பட்டவர்களா? எடை எழுதும்போதே அந்தக் கட்டத்திலும் ஒரு டிக் அடித்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்றில்லை. பேனா கையில் இருக்கும்போதே போட்டுவிட்டு, பிறகு ஓடிப்போய்க் கொடுத்துவிடுவது. பெரும்பாலும் கொடுத்தும்விடுவார்கள். எண் எண்பத்தேழைத் தொட்டபோது தலைமை நர்ஸ் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள்.

ஏழாம் கட்டில்காரியின் பையன் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷனில் பிறந்தான். இரண்டு கிலோ நூறு கிராம். பூஞ்சை உடம்பு. ரயிலக்கா எடை போட்டாள், டிக் அடித்தாள், துணியில் சுற்றி ஏழாம் கட்டிலை ஒட்டிய தொட்டிலில் விட்டாள். தாய் வந்ததும் முதல் வேலையாக மார்பில் போட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தாயைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்து கட்டிலில் விட்ட நேரத்தில் மூன்றாம் கட்டில்காரிக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. அவளைப் பிழைக்க வைப்பதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய்க் கட்டையாகச் சாய்ந்தாள். பாவி, வார்டுக்கு ஒரு போன் அடித்திருக்கக் கூடாதா? நினைவு வந்தால்தானே அடிப்பாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் தொட்டில் காலி. மதிய ஷிப்டுக்காரி பதிவேட்டைப் பார்த்திருக்கிறாள். பால் குடித்த குழந்தை, தூங்கட்டும் என்று விட்டிருக்கிறாள். தாய் ஒருமுறை கேட்டதற்கும், காலையிலேயே கொடுத்தாகிவிட்டது, எழுதியிருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழந்தை துவண்டு கிடந்தது. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய் இரண்டு முறை வலிப்பு. இப்போது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிருக்குப் பயமில்லை, மூளைக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ரயிலக்கா பதிவேட்டைப் புரட்டித் தான் போட்ட டிக்கைப் பார்த்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. டிக் இருக்கிறதே, எப்படிச் சொல்வார்கள்? வாயை மூடிக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்தது.

குழந்தைக்குச் சீம்பால் வேண்டும் என்று மாடியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தாய், இவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்து காலையில நீங்கதானே இருந்தீங்க? அவன் என்கிட்ட எப்படிக் குடிச்சான், சொல்லுங்களேன். நான் மயக்கத்துல இருந்தேன் போல, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பெத்த புள்ள மொதல்ல பால் குடிச்சதக்கூட மறந்துட்டியான்னு மாமியார் கேக்கறாங்க."

நன்றாகக் குடித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண்ணுக்கும் ஆறுதல், இவள் வேலையும் தப்பும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நீ எதையும் மறக்கலம்மா," என்றாள் ரயிலக்கா. "அவன் குடிக்கவே இல்ல. நான் உன்கிட்ட கொடுக்கவே இல்ல. கொடுத்ததா எழுதினது நான்தான்."

தாய் கையை விட்டாள்.

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் வெறும் வயித்தோடயா கெடந்தான்? என் பக்கத்துலயே?"

"ஆமாம்மா."

கத்துவாள், அடிப்பாள் என்று ரயிலக்கா காத்து நின்றாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளோ தையல் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, மேல் பொத்தான்களைக் கழற்றினாள்.

"எப்படிப் பீச்சி எடுக்கறதுன்னு காட்டுங்க. மொதல்ல அவனுக்குப் போகட்டும். உங்கள அப்புறம் கேக்கறேன்."

முதல் சொட்டு வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ரயிலக்காவின் முகத்தை அந்தத் தாய் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.