முகம் பெரிதாக

சித்திரக்கதைக்கு நான் எழுதிக் கொடுத்ததில் ஆறாம் கட்டத்துக்கான குறிப்பு இதுதான்: 'தண்ணீர்க் கானோடு போகும் லியோன் திரும்பிப் பார்க்கிறான். முகம் பெரிதாக. சிரிப்பு.'

பக்கங்களுக்குப் படம் கீறி முடிந்து என் மகள் ஜெனிற்றாவின் போனுக்கு வந்தபோது, அந்தக் கட்டத்தில் ஒரு பிடரிதான் இருந்தது. மற்றக் கட்டங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் முகம் கானுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒன்றில் என் தோளில் புதைந்திருந்தது. பங்கருக்குள் ஒரே இருட்டு. கதை முழுக்க என் மகன் லியோன் இருந்தான். அவன் முகம் ஓரிடத்திலும் இல்லை.

வன்னியில் கடைசி மாதங்களில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து வெடித்து அவன் போனான். ஒன்பது வயது. படங்கள் இருந்த பை அதற்கு முன்பே பங்கரோடு எரிந்துவிட்டது. ஜெனிற்றாவுக்கு அப்போது இரண்டு வயது. அண்ணனின் முகம் அவளுக்குத் தெரியாது. அவர்களுடைய அப்பாவும் இப்போது இல்லை. நானும் போனால் அந்த முகத்தை அறிந்தவர் ஒருவருமில்லை. அதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதினேன்.

புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக இருந்தது. சனிக்கிழமை நாங்கள் இருவரும் சண்டிலிப்பாயிலிருந்து உரும்பிராய்க்குப் போனோம். படம் கீறிய கோகுலனின் வீடு அங்கேதான். கதிரை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. எழுதியதை வாசிக்கவில்லையா என்று கேட்டேன். பலமுறை வாசித்ததாகச் சொன்னான். பிறகு ஏன் மாற்றினீர் என்றேன்.

"முகம் என்னட்டை இல்லையே அன்ரி."

"என்னட்டை இருக்கு. நான் சொல்லுறன், நீர் கீறும்."

அவன் பென்சிலை எடுக்கவில்லை. செத்தவர்களின் அந்தியேட்டிக்கு வைக்கும் படங்களைக் கீறித்தான் அவன் கை பழகியதாம். முதலில் கீறியது அவனுடைய அப்பாவை. அடையாள அட்டைப் படம் மங்கலாக இருந்ததால் கண்ணைக் கொஞ்சம் தெளிவாக்கி, நாடியைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறான். சனமெல்லாம் அச்சொட்டாக இருக்கிறது என்றதாம்.

"இப்ப அப்பாவை நினைச்சா நான் கீறினதுதான் வருது. அப்பா வாறேல்லை. பிழையாக் கீறினா நீங்கள் சொல்லிப் போடுவியள் அன்ரி. கிட்டத்தட்டச் சரியாக் கீறினாத்தான் பயம்."

எனக்கு அப்படி நடக்காது என்றேன். ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகம்.

ஜெனிற்றாவை யன்னலோரம் இருத்திக் கன்னத்தை அவளைப் பார்த்துக் கீறினான். மிச்சத்தை நான் சொன்னேன். நெற்றியை ஏற்றினான், காதைத் தள்ளினான், கண்ணை இரண்டு தரம் அழித்தான். தாளில் யாரோ ஒரு பிள்ளை வரத் தொடங்கியது. முன்பல்லில் ஒரு சின்ன உடைவு இருந்ததென்று சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டான். வலது என்றேன். கீறினான். சரியாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு சந்தேகத்தில் இடது பக்கம் மாற்றச் சொன்னேன். அதுவும் சரியாகவே இருந்தது.

கண்ணை மூடி அவனைக் கூப்பிட்டேன். கான் வந்தது. அதைப் பிடித்த கை வந்தது. பிடரி வந்தது. திரும்பினான். பென்சில் கோடுகளோடு திரும்பினான்.

"நிப்பாட்டும்."

கோகுலன் உடனே அழிறப்பரை எடுத்தான். ஜெனிற்றா எழுந்து வந்து தாளின் மேல் கையை வைத்தாள்.

"அழிக்காதேங்கோ அண்ணை." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அவர் கொஞ்சமாவது வாறார் அம்மா. எனக்கு ஒண்டுமே இல்லை. பிழையான முகமெண்டாலும் எனக்கு வேணும்."

கோகுலன் எங்கள் இருவரையும் பார்க்காமல் அழிறப்பரைக் கையில் வைத்தபடியே இருந்தான். அவளுடைய விரல்களுக்கிடையில் ஒரு கண் தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

புத்தகம் அவன் கீறியபடியே போகட்டும், பிடரியோடு, என்றேன். "இதை இவளுக்கு முடிச்சுக் குடும். நான் வெளியிலை நிக்கிறன்."

வெளியில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பம்பின் இரைச்சலில் பென்சில் சத்தம் கேட்காது என்று தெரிந்தும், பாத்தி முடியும் தொங்கல் வரைக்கும் நடந்து போய் நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜெனிற்றா அந்தத் தாளைச் சுருட்டி, றப்பர் பாண்ட் போட்டு மடியில் வைத்திருந்தாள். பார்க்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. ஒரு குலுக்கலில் அது கீழே விழுந்து உருண்டது. பாண்ட் கழன்றதைக் கண்டேன். தாள் விரிவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதிர்ப்பக்கத்தில் இருந்த பெண் எடுத்திருக்க வேண்டும். வடிவான பிள்ளை, ஆர் இது என்று கேட்டாள்.

"என்ரை அண்ணை," என்றாள் ஜெனிற்றா.

அந்தப் பெண் தாளை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை போலும். பல்லு உடைஞ்சு கிடக்கு, நல்ல குழப்படிகாரன் போலை என்றாள். ஜெனிற்றா சிரித்தாள். எந்தப் பக்கத்துப் பல் என்று அந்தப் பெண் சொல்லிவிடக்கூடாதே என்று முன்சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். றப்பர் பாண்ட் தாளில் திரும்ப ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.