மூன்றாம் முறை ஓடியவள்

சுவிட்சர்லாந்தின் பேர்ண் ஆவணக்காப்பகத்தில் சஜீதா தேடிப்போனது ஒரு கூலிப்படைத் தலைவனைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தருக்காக, அதாவது டச்சுக்காரருக்காக, யாழ்ப்பாணத்தில் சேவகம் செய்து, செல்வத்தோடு திரும்பி வந்து, மலையடிவாரத்தில் பண்ணை வாங்கியவன். அவன் இறந்தபின் எழுதப்பட்ட சொத்து விவரத்தில், கம்பளிப் போர்வைகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: “மக்டலேனா, முன்பு சின்னாச்சி. யாழ்ப்பாணத்துக் கறுப்பி. நன்றாகத் துவைப்பாள்.”

சஜீதா, பேர்ணை அடுத்த ஓஸ்டர்முண்டிகனில் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்த ஆய்வு மாணவி. அன்றோடு அவள் படைத் தலைவனை விட்டுவிட்டாள்.

பண்ணைக் கணக்குகளில் சின்னாச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்டாள். முதல் பனிக்காலத்தில் அவள் காலுக்குச் சப்பாத்து வாங்கியிருந்தார்கள். அடுத்த பனிக்காலத்தில், குளிரில் கறுத்த விரலை வெட்டிய வைத்தியருக்குக் கூலி. பிறகு ஓர் ஆண் குழந்தை. தகப்பன் பெயர் இல்லை. பால்குடி மறக்குமுன்பே அதை மலைக்கு அப்பால் ஒரு குடியானவன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின், கணக்கெழுதிய பண்ணைக் காரியக்காரனின் எழுத்தில் கோபம் ஏறியது. மக்டலேனா ஓடிவிட்டாள், குடியானவன் வீட்டில் பிடித்தோம். வசந்தத்தில் மறுபடியும் ஓட்டம், அதே வீடு. மூன்றாம் முறை அவன் சலித்துப்போய் எழுதியிருந்தான்: “தேடவில்லை. கட்டி இழுத்துவந்தாலும் நிற்கமாட்டாள்.”

அந்த மலையூரின் தேவாலயப் பதிவேட்டில் சஜீதா அவளை மறுபடி கண்டாள். ஊருக்குத் துணி துவைத்துப் பிழைத்து, கிழவியாகித்தான் செத்திருந்தாள். சாவை அறிவித்தவன்: மகன் யோஹான்னெஸ்.

வீட்டில் அப்பா தவராஜா, ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியது.

“பாவியள்! எங்கட பிள்ளையை எப்பிடிப் பிடிச்சுக்கொண்டு வந்தவங்கள்?”

சஜீதா தயங்கினாள். “பிடிக்கேல்லை அப்பா, வாங்கினவங்கள். வித்தது எங்கட ஆள்தான், ஒரு காணிக்காரர். தன்ர பரம்பரை அடிமை எண்டு ஓலை எழுதிக் குடுத்திருக்கிறார். அதுவும் காப்பகத்தில கிடக்கு.”

“அப்ப அவள் என்ன சாதி...” என்று தொடங்கிய தவராஜா, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மிச்சச் சோறு அப்படியே கிடந்தது.

வைகாசியில், பேர்ண் தமிழரின் கோயில் மண்டபத்தில் சஜீதா இதைப் பற்றிப் பேசினாள். விற்றவர் பெயருக்கு வந்தபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார்.

“தங்கச்சி, அந்தப் பேர் தேவையோ? எங்களுக்குத்தானே வெக்கம்.”

சஜீதா கையிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் கதிரையொன்று நகர்ந்தது. எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத தவராஜா எழுந்து நின்றார்.

“வித்தவருக்கு வராத வெக்கம் எங்களுக்கு ஏன்? வாசி பிள்ளை.”

சஜீதா பெயரை, தகப்பன் பெயரோடும் ஊரோடும் வாசித்தாள். இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. மற்றவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்:

“அவளின்ர மகனுக்குப் பிள்ளையள் இருந்ததோ?”

“ஓம் அக்கா,” என்றாள் சஜீதா. “அவையின்ர பரம்பரை ஆக்கள் அந்த ஊரில இப்பவும் இருக்கினம்.”