கணப்பு இல்லாத வீடு

தன் மண்ணில் தன் தலைக்கு மேல் ஒரு கூரை போட்டுக்கொள்வது மனிதனின் ஆதி உரிமை. அந்த உரிமை எழுபது சதுர மீட்டர் அளவுக்கு மீட்கப்பட்ட நாளை வரலாறு மறக்காது. இப்படிச் சொன்னவர் என் கணவர் நெவில் டல்லக். சொல்லும்போது அவர் கம்பளி உள்ளாடையோடு கணப்புக்கு முதுகைக் காட்டி நின்று, சூடேறிய பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தது. ரான்ஃபர்லியில் எங்கள் வீட்டில் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சூடானதாக எனக்கு நினைவில்லை.

எழுபது சதுர மீட்டருக்குள் சின்ன வீடு கட்ட இனி ஊர்க் கவுன்சிலில் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம் என்று தலைநகர் வெல்லிங்டனில் சட்டம் வந்திருந்தது. நெவில் அதைத் தன் சொந்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். இருபது வருடம் முன்பு வேலியை ஒட்டி ஒரு கார் கொட்டகை கட்டினார். கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்தார். வேலிக்கு ரொம்பப் பக்கம் என்று கொட்டகையைப் பிரிக்க வைத்தார். அன்றிலிருந்து நெவில் கவுன்சில் வாசலை மிதிக்கவில்லை. நாய்க்கு உரிமம் எடுக்கக்கூட நான்தான் போகிறேன்.

சட்டத்தால் எனக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. நெவிலின் அக்கா கிளெனிஸ், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கும்பல்களுக்குச் சமைத்துப் போட்டே வயதானவள். நுரையீரல் கெட்டுவிட்டது. வைப்பியாட்டாவில் பழைய ரயில்வே வீடொன்றில் வாடகைக்கு இருந்தாள். சுவரெல்லாம் கறுப்புப் பூசணம், தலைமாட்டில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் கட்டியாகிவிடும். போன குளிர்காலத்தில் அவளை ஹெலிகாப்டரில் டனீடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்தால் திரும்பி வர மாட்டாள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குளிர் தொடங்குவது ஜூனில்; அதற்குள் பின்முற்றத்தில் ஒரு சின்ன வீடு கட்டி அவளைக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கட்ட வந்தவன் ரேவி. பக்கத்து ஊர் அலெக்ஸாண்ட்ராக்காரன், வாய் நீளம்.

"கவுன்சிலுக்கு ஒரு வார்த்தையும் சொல்ல வேணாம், அப்படித்தானே?" என்றார் நெவில், கைகளைத் தேய்த்துக்கொண்டு.

"சொல்லணும் பாஸ். ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு தடவ, முடிச்சதும் ஒரு தடவ. நடுவுல வந்து நிக்க மாட்டாங்க, அவ்வளவுதான். லைசென்ஸ் இருக்கற ஆளுதான் கட்டணும். அப்புறம், வேலியிலருந்து ரெண்டு மீட்டர் தள்ளி."

வேலி என்றதும் நெவிலின் முகம் போன போக்கை நான் பார்க்காதது போல இருந்தேன்.

"அப்ப சுதந்திரம் எங்கடா இருக்கு இதுல?"

"நடுவுல இருக்கு பாஸ். உத்துப் பாருங்க, தெரியும்."

சுவருக்குக் கொண்டுவரப்போகும் பலகையில் ஒரு துண்டை ரேவி மேசைமேல் வைத்தான். இரண்டு மரப்பலகை, நடுவில் முக்கால் சாண் கனத்துக்குத் தெர்மாகோல் போல வெள்ளை நுரை. கிரீம் பிஸ்கட் மாதிரி.

"எங்க அக்காவ மீன் பெட்டியில வெக்கப் போறியா?"

"மீனு கெடாம இருக்குல்ல?" என்றான் ரேவி.

வரைபடம் பார்க்க வந்து எங்களோடு மேசையில் உட்கார்ந்திருந்த கிளெனிஸ் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் மூவரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் நெவில் வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்தார். "கணப்பு எங்க?"

"கணப்பு கிடையாது. ஒரு சின்ன மின்சார ஹீட்டர் போதும்."

எங்கள் பக்கத்தில் கணப்பில்லாத வீட்டை வீடு என்று யாரும் சொல்வதில்லை. வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன் விறகு போடுவோம். ஒருவன் உருப்படியான ஆளா என்பதை அவன் வீட்டுப் பக்கம் அடுக்கியிருக்கும் விறகைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். நெவில் எழுந்து நின்றுவிட்டார். "கணப்பில்லாம எங்க அக்கா சாகவா?"

"வெச்சுக்கலாம் பாஸ். ஆனா விறகுக் கணப்புக்கு மட்டும் தனியா கவுன்சில் அனுமதி வேணும். இந்தச் சலுகையில அது வராது."

இத்தனை வருடம் அனுமதி என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்பியவர், அப்போது சொன்னார்: "சரி, அனுமதி வர்ற வரைக்கும் காத்திருப்போம்."

"எது வரைக்கும்?" என்றேன்.

"வசந்தம் வரைக்கும் ஆகட்டுமே. முறையாச் செய்யணும்ல?"

"நெவில், முறையப் பத்தி நீ பேசறியா?"

கிளெனிஸ் கையை உயர்த்தினாள். "டேய் நெவ், எனக்கு நெருப்பு ஒரே ஒரு தடவதான் வேணும். அதுக்கு இன்னும் நாள் இருக்கு. நீ கட்டுடா தம்பி."

கடைசி வார்த்தை ரேவிக்கு. விவகாரம் அதோடு முடிந்தது. இன்னொரு விஷயத்தையும் அவள் கறாராகச் சொன்னாள். பின்முற்றத்தில் கட்டும் இந்த மாதிரிச் சின்ன வீட்டை ஊரில் பாட்டி வீடு என்பார்கள்; இதை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அவளுக்குப் பிள்ளையே கிடையாது.

மே மாதம் லாரியில் பலகைகள் வந்தன. தெருவே வந்து கைகொடுத்தது. ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்தார்கள்; சீஸ் ரோல் மட்டும் ஏழு வீட்டிலிருந்து வந்தது. காலைத் தேநீருக்குள் இரண்டு சுவர் நின்றது, சாயங்காலத்துக்குள் நாலும். அன்று எனக்கு எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பலகை உட்பட. நெவில் மட்டும் சீஸ் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு வராங்கன்னு பாக்கற?"

"யாரும் வரலையே" என்றார். "ஒருத்தன்கூட வந்து அளக்கலையே. சரியாத்தான் இருக்குன்னு யாரு சொல்றது?"

கிளெனிஸ் குடிவந்த இரண்டாம் வாரம், ஜூன் நடுவில், முதல் பெரிய உறைபனி விழுந்தது. மைனஸ் பதினொன்று. விடிந்ததும் நெவில் மூன்று போர்வை, இரண்டு வெந்நீர்ப் பை, ஒரு குப்பி விஸ்கியோடு பின்முற்றத்துக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன். கதவருகில் இருவரும் நின்று காது கொடுத்தோம். வைப்பியாட்டாவில் இந்த நேரத்துக்கு அவள் இருமல் தெருமுனை வரை கேட்கும். இங்கே ஒன்றுமில்லை. நெவிலின் முகம் வெளுத்தது. தட்டாமலே கதவைத் திறந்தார்.

கிளெனிஸ் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டபடி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர்கூட ஓடவில்லை.

"கதவ மூடுடா. மாட்டுக் கொட்டாயிலயா வளர்ந்த?"

ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கவில்லை. நெவில் போர்வைகளைக் கீழே போட்டுவிட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கண்ணில் புகை பட்டதுபோலத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் புகைக்கு வழியே இல்லை.

அன்றே ரேவிக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். மறுநாள், இருபது வருடத்தில் முதல் முறையாக, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார். நானும் போனேன், சண்டை வந்தால் பிரிக்க.

"உங்களுக்கெல்லாம் ரொம்ப நன்றிம்மா" என்றார் முகப்பில் இருந்த பெண்ணிடம்.

அவள் கணினியில் தேடிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு நாங்க ஒண்ணும் செய்யலயே, சார்?"

"அதுக்குத்தாம்மா."

அக்காவின் மூச்சை யாராவது பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்று நெவில் முடிவு செய்தார். முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்புறம் சோஃபாவில் தூங்கிவிட்டதாகக் காலையில் வந்து சொன்னார். அவர் எப்படிக் கவனிக்கிறார் என்று கவனிக்க நானும் போனேன். கிளெனிஸ் இப்போது இருமுவதில்லை. எங்களைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடுகிறாள், நீளமாக, தடையில்லாமல்.

இப்போது ஆகஸ்ட். சின்ன வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். பெரிய வீட்டில் யாரும் இல்லை.