இருபது நொடி யோசனை

அவளை வேலைக்கு எடுத்ததே அவளுக்கு ஆடத் தெரியாது என்பதற்காகத்தான். நேர்முகத் தேர்வில் மேலாளர் கேட்டது ஒரே கேள்வி.

"செஸ், கேரம்னு ஏதாவது நல்லா ஆடுவீங்களா?"

"இல்லை மேடம்."

"ரொம்ப நல்லது. திங்கக்கிழமை வந்துடுங்க."

பத்து வருடம் மருந்துக்கடை கவுண்ட்டரில் நின்று கால் நரம்பு முடிச்சு விழுந்தவளுக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதே பெரிய விஷயம். என்ன வேலை என்று வீட்டில் புரியவைக்கத்தான் படாத பாடு பட்டாள். அந்த நிறுவனம் ஒரு பலகை ஆட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவரத் தயாராகிக்கொண்டிருந்தது. அறுகோணக் கட்டங்கள், பக்கத்துக்குப் பதினைந்து காய்கள், எதிரியின் வாசலுக்குள் முதலில் நுழைபவர் வென்றவர். ஆட ஆள் இல்லாதவர்கள் கம்ப்யூட்டரோடு ஆடலாம். நாம் காயை எங்கே வைத்தோம் என்பதைப் பலகையே அதற்குச் சொல்லிவிடும். அது தன் நகர்வைத் திரையில் காட்டும். அதன் காயையும் நாமேதான் எடுத்து வைக்க வேண்டும். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது, பழகிப் பார்த்தவர்கள் பாதியிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அதனால் சாதாரண ஆட்கள் ஆறு பேரை உட்காரவைத்து நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு ஆடச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை நகர்வு, யார் ஜெயித்தது. கடைசியில் ஒரு கேள்வி: எத்தனையாவது நிமிடத்தில் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது?

"சும்மா உக்காந்து தோக்கறதுக்கு ஆள் வேணுமா?" என்று சிரித்தான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் திறந்து உள்ளே பார்த்தால்தான் நம்புவான்.

"தோக்கறது கஷ்டமில்லை. முடியற வரைக்கும் உக்காரணுமே, அதுதான் வேலை."

முதல் மாதம் ஆட்டம் அரை மணியில் முடிந்துவிடும். போகப் போக ஐம்பது நிமிடம், ஒரு மணி என்று நீண்டது. பக்கத்து மேஜையில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஆடினார். காயை வைப்பார், கொட்டாவி விடுவார், தோற்பார், தாளை நிரப்புவார். அவர் முகத்தில் வருத்தம் என்று ஒன்று வந்து யாரும் பார்த்ததில்லை. அவளால் அப்படி இருக்க முடியவில்லை. தோற்பது உறுதியான பிறகும், இந்தக் காயை இப்படி நகர்த்தினால் இன்னும் நான்கு நகர்வு தாங்கலாமே என்று மூளை நச்சரித்தது. ஒரு நாளைக்கு ஆறு ஆட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குள் கட்டங்கள் மிதக்கும்.

"ராத்திரிக்கு என்ன பண்ணலாம்?" என்று கணவன் கேட்டால், "நீங்களே முடிவு பண்ணுங்க. நான் காலையிலேர்ந்து முந்நூறு முடிவு எடுத்துட்டேன்" என்று தரையில் அப்படியே சாய்ந்துவிடுவாள்.

ஆறாவது மாதத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னைக்கு அது ரெண்டு நிமிஷம் யோசிச்சுதுங்க!"

"எது?"

"கம்ப்யூட்டர்தான். எப்பவும் இருபது நொடிக்குள்ள நகர்த்திடும். இன்னைக்கு நான் ஒரு காயை ஓரமா கொண்டுபோனேன் பாருங்க, ஆடிப்போயிடுச்சு. ரெண்டு நிமிஷம் திரையில புள்ளி புள்ளியா ஓடுது. தபால்காரர் எழுந்து வந்து பாத்துட்டுப் போறார்."

"ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன். ஆனா திணறவெச்சேன்ல?"

அவன் பட்டறை முழுக்க அதைச் சொல்லிவிட்டான். ஒரு வாரம் கழித்து வழியில் பார்த்த அவனுடைய கூட்டாளி, "என்னம்மா, கம்ப்யூட்டருக்கே தண்ணி காட்டுறீங்களாமே" என்றபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

அதற்குப் பிறகு புள்ளிகள் ஓடும் அந்த இருபது நொடியில் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதிரில் ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பது போலவே இருக்கும். சில நாள் அது அதிக நேரம் எடுத்துக்கொண்டால், பாவம், அதற்கும் அலுப்பாக இருக்கும் என்றுகூட நினைத்துக்கொள்வாள்.

பதினோராவது மாதம் நிரல் எழுதுகிறவன் அவள் மேஜைக்கு வந்தான். கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றியதே இல்லை என்பதால் எல்லோருக்கும் அவன் ஹெட்போன்தான். முப்பது வயது இருக்கும், எப்போதும் தூக்கம் போதாத முகம்.

"அக்கா, உங்க தாள்தான் பிரச்சனை. மத்தவங்களுக்கு சராசரி நாப்பது நிமிஷம். உங்களுக்கு எழுபது."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"நல்லா ஆட ஆரம்பிச்சுட்டீங்க."

அதைப் புகாராகவே சொன்னான். அவள் காய்களை அடுக்கினாள். அவன் குனிந்து திரையில் எதையோ மாற்றிவிட்டு, "இப்ப ஒண்ணு ஆடுங்க, பாக்கலாம்" என்றான்.

அவள் முதல் காயை வைத்தாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதன் காயை நகர்த்திவிட்டுத் தன் இரண்டாவதை வைத்தாள். விரல் காயை விட்டு விலகவில்லை, பதில் தயார். மூச்சு விட இடமில்லை. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல அவளும் வேகவேகமாக வைத்தாள். பதினோரு நிமிடம். வாசல் போய்விட்டது.

"என்ன பண்ணே அதை? கெட்டிக்காரத்தனத்தைக் கூட்டிட்டியா?"

"இல்லைக்கா, அதே லெவல்தான். காத்திருக்கிற நேரத்தை மட்டும் எடுத்துட்டேன்."

"எந்த நேரம்?"

"அந்தப் புள்ளி ஓடுமே, அது. அது யோசிக்கிறதெல்லாம் இல்லை. நீங்க காயை வெச்ச உடனே பதில் ரெடியா இருக்கும். டக்குனு காட்டினா ஜனங்களுக்கு அவமானமா இருக்குதுன்னு, இருபது நொடி நிறுத்திவெச்சுக் காட்டுறோம்."

அவள் பலகையிலிருந்து ஒரு காயைக் கையில் எடுத்தாள்.

"ஒரு தடவை ரெண்டு நிமிஷம் யோசிச்சுதே?"

"எப்பவாவது நீளமா நிக்கற மாதிரி வெச்சிருக்கோம். குலுக்கல் மாதிரி, எந்த நகர்வுக்கு விழும்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு அன்னைக்கு விழுந்திருக்கும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். புண்படுத்தும் எண்ணம் துளியும் இல்லை. பக்கத்து மேஜையிலிருந்து தபால்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் காயை வைத்தார்.

மதிய இடைவேளையில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் காத்திருப்பு. நாளுக்கு இரண்டு மணி. பதினோரு மாதத்துக்கு ஐந்நூற்றைம்பது மணி நேரம். இருபத்து மூன்று நாள், இரவு பகலாக, முன்பே முடிவாகிவிட்ட ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். தோள்பட்டை கனத்ததுதான் மிச்சம்.

அன்று கணவனுக்கு விடுமுறை. அவள் வீட்டுக்குப் போனபோது துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு சட்டையைப் பாதி மடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"லிஃப்ட்ல கதவு மூடுற பட்டன் இருக்கு பாரு. பாதி கட்டடத்துல அதுக்கு வயரே கிடையாது. ஜனங்க அமுக்கிட்டு திருப்தியா நிப்பாங்க."

"நீங்க இதை எனக்கு சொல்லவேயில்லையே?"

"நீ கேக்கலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அது வேறாக மாற, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பட்டறையில போய் சொல்லிடுங்க, திணறவெக்கலைன்னு."

"எதுக்கு? ஒரு மணி நேரம் தாக்குப்பிடிச்சியே, அது பொய்யில்லையே?"

"அதுலயும் இருபது நிமிஷம் அது சும்மா நின்னதுங்க."

"சரி, மீதி நாப்பது?"

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை முதல் ஆட்டம். ஹெட்போன் பழைய இடைவெளியைத் திரும்பப் போட்டிருந்தான். புள்ளிகள் ஓடின. அவளால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினெட்டாவது நகர்வில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. கையைத் தாடையில் வைத்து யோசித்தாள். இடப்பக்கக் காயா, நடுக்காயா? யோசித்துக்கொண்டே கண் சொக்கிவிட்டது.

திரை நிமிடத்துக்கு ஒருமுறை, உங்கள் முறை என்று மணியடித்தது. நான்கைந்து தடவை அடித்த பிறகு தபால்காரர் எழுந்து வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். யாரும் எழுப்பவில்லை. அவள் கண் விழித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது, கன்னத்தில் விரல் தடம், மணி ஒன்றேகால். பலகை அப்படியே இருந்தது. நடுக்காயை நகர்த்தினாள். அரை மணியில் தோற்றாள். மறைக்காமல் தாளில் எழுதினாள்: மொத்தம் நான்கு மணி நாற்பது நிமிடம். எழுந்து போகத் தோன்றிய நேரம் என்ற இடத்தில், தோன்றவில்லை, தூங்கிவிட்டேன் என்று எழுதினாள்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. "உங்களை சாதாரண ஆள்னு இனிமே சொல்ல முடியாதும்மா. பேக்கிங்ல ஒரு இடம் இருக்கு. போறீங்களா?"

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? அந்தப் புள்ளி சும்மாதான் ஓடுதுன்னு பெட்டி மேல போடுவீங்களா?"

மேலாளர் பேனாவை மூடித் திறந்தார். "போட்டா யாரு வாங்குவாங்க?"

"நான் வாங்க மாட்டேன்தான்" என்றாள் அவள். ஏமாற்றுகிறார்கள் என்று வாதாடும் தெம்பு அவளுக்கு இல்லை. அந்தப் புள்ளிகள் ஓடியபோது அவள் சந்தோஷமாக இருந்ததும் நிஜம்தானே.

அடுத்த வாரம் பேக்கிங் பகுதியில் நின்றாள். பெட்டிக்குப் பதினைந்து கறுப்பு, பதினைந்து வெள்ளை, ஒரு பலகை, ஒரு விதிமுறைத் தாள். பழைய கால்வலி இரண்டே நாளில் திரும்பி வந்தது. மதியத்துக்குள் எத்தனை பெட்டி போட்டோம் என்பதே நினைவிலிருக்காது.

"ராத்திரிக்கு என்ன பண்ணலாம்?" என்று வெள்ளிக்கிழமை கணவன் கேட்டான்.

காலை நீட்டி சுவரில் சாய்ந்திருந்தவள், "ஏதாவது சூடா பண்ணலாம். கொஞ்சம் இருங்க, நானே வரேன்" என்றாள். ஆனால் உடனே எழுந்துவிட முடியவில்லை.