ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு

ட்ரம்ஸ் வாசிக்கிறவனை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்று முப்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள். பேஸ்காரியின் பேச்சு எந்தக் குழுவில் எடுபட்டிருக்கிறது!

எங்கள் மார்லியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மார்லி டன், பதினாறு வயதில் ஒரே ஒரு பாப் பாட்டால் நாட்டையே ஆட்டி வைத்தவள். "ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு, பொருந்தலைன்னா என்ன தப்பு?" ஜோடி மாற்றிப் போட்ட சாக்ஸைப் பற்றிய பாட்டு, வேறொன்றும் இல்லை. அந்த வருஷம் விஸ்கான்சினில் ஒரு பெண்பிள்ளையாவது ஒரே நிறத்தில் சாக்ஸ் போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பாளா என்பது சந்தேகம். கடைசியில் அந்தத் 'தப்பு' என்கிற சொல் கிடுகிடுவென்று மேலே ஏறி உச்சாணிக் கொம்பில் போய் நிற்கும். அங்கேதான் கூட்டம் சாக்ஸைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றும்.

இப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது. குரல் இறங்கிவிட்டது. கனத்து, லேசாகக் கரகரப்பு ஏறி, என்னைக் கேட்டால் முன்னைவிட நூறு மடங்கு நல்ல குரல். ஆனால் அந்த உச்சி மட்டும் எட்டாது, எட்டாமல் போய் நாலைந்து வருஷம் இருக்கும். பிறகு மேடையில் எப்படிப் பாடினாள் என்று கேட்பீர்கள். எங்கே பாடினாள்! எங்கள் ஆர்லோவின் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு ரப்பர் பேட் இருக்கும். அதைக் குச்சியால் தட்டினால் பதிவு செய்து வைத்த பாட்டு ஓடும். பதினாறு வயது மார்லி பாடுவாள், இவள் வாயை மட்டும் அசைப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். விஷயம் தெரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், பூட்ஸில் ஒட்டிய பனியோடு என் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"லொரெய்ன், இனிமே வாயசைக்க மாட்டேன். அந்தப் பாட்டே வேண்டாம். புதுசா எழுதியிருக்கேன், கேக்கறியா?"

"ஷூவைக் கழட்டிட்டுப் பாடுடி. தரையெல்லாம் சேறு."

நெடுஞ்சாலை ஓரத்தில், கொட்டுகிற பனியில், தனியாக டயர் மாற்றுகிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு. கிட்டாரைத் தட்டியபடி அடிவயிற்றிலிருந்து பாடினாள். சூப் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

"அடிப்பாவி, இந்தக் குரலை இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே? இது ராக்குடி! அசல் ராக்!"

"ஜனங்க கேப்பாங்களா? அந்தக் குட்டிப் பொண்ணு இல்லாம, வெறும் என்னை மட்டும்? அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு லொரெய்ன். கேக்கலேன்னா நான் யாரு?"

முதலில் இதைக் குடி என்று சூப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

மேடையில் தன்னோடு ஆடிக்கொண்டிருந்த பெண்களை நல்லபடியாக அனுப்பி வைத்தாள். பளபளா உடுப்பெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. எலெக்ட்ரிக் கிட்டாரை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். வசந்தம் முழுக்க என் கார் ஷெட்டில் மூன்று பேரும் ஒத்திகை பார்த்தோம். புது மார்லியின் முதல் மேடை எது தெரியுமா? ஆகஸ்ட் மாத மாவட்டச் சந்தைத் திருவிழா. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் மேடை, ஐந்து மணிக்கு நாங்கள், எங்களுக்குப் பிறகு டிராக்டர் இழுவைப் போட்டி. முதல் அடியைப் பெரிய ஊரில் வைத்துத் தடுக்கி விழுவதைவிட இது மேல் என்று நானேதான் சொன்னேன்.

மேடையில் ஏறியதும் மார்லியின் கண் அந்த பேட் மேல் விழுந்தது.

"ஆர்லோ, இது வேண்டாம்னு சொன்னேனே?"

"டிக் டிக்னு தாளம் அதுலேர்ந்துதான் இயர்போன்ல என் காதுக்கு வருது தாயே. அது இல்லாம வாசிச்சா நான் தொலைஞ்சேன்."

"பழைய பாட்டை அழிச்சிட்டியா?"

"அழிச்சாச்சு, அழிச்சாச்சு" என்றான், கையில் இருந்த பொரித்த சீஸை வாயில் போட்டுக்கொண்டே. எதையும் இரண்டு தரம் சொன்னால் ஆர்லோ அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்!

சந்தைக் கமிட்டித் தலைவி கெல்ஸி ஓல்சன் மைக்கைப் பிடித்தாள். அவளுக்கும் முப்பது வயதுதான் இருக்கும். காலையிலிருந்து கன்றுக்குட்டிப் போட்டி நடத்திய களைப்பு முகத்தில் துளிகூட இல்லை. பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு. "நான் மட்டும்னு நினைச்சீங்களா? எல்லாரும் காட்டுங்கடி!" என்று கத்தினாள். இடுப்பில் குழந்தையும் கையில் எலுமிச்சை ஜூஸுமாக நின்ற அத்தனை பெண்களும் காலைத் தூக்கினார்கள். பச்சையும் சிவப்புமாக ஒரு மைதானம். "அந்தப் பாட்டைப் பாடாம மார்லியை ஊரை விட்டு அனுப்ப மாட்டோம்!" என்று வேறு அறிவித்துவிட்டு இறங்கினாள் மகராசி.

மார்லியின் முகம் வெளுத்துவிட்டது. "லொரெய்ன், ஓடிடலாமா?" என்றாள்.

"வேன் சாவி ஆர்லோகிட்ட இருக்கு. அவன் தேடி எடுக்கறதுக்குள்ள கச்சேரியே முடிஞ்சிடும். வாசி."

முதல் பாட்டுக்கு மரியாதைக்குக் கை தட்டினார்கள். இரண்டாவதில் பின்வரிசை ஆண்கள் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மூன்றாவதாக டயர் பாட்டு. அது முடிந்தபோது முதலில் கொட்டகையில் ஒரு மாடுதான் கத்தியது. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல்! மார்லி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மைக்கிலிருந்து விலகி, தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அப்போதுதான் நடந்தது. மாட்டுக் கொட்டகை ஈ ஒன்று ஆர்லோவின் மூக்கில் உட்கார்ந்தது. குச்சியை வீசினான். ஈ தப்பித்தது. குச்சி பேட் மேல் விழுந்தது.

"ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு..."

கணீரென்று பதினாறு வயது மார்லி. மேடையிலோ இருபத்தொன்பது வயது மார்லி பாட்டிலும் வாயுமாக நிற்கிறாள்.

ஆர்லோ பதறிப்போய் இன்னொரு தட்டுத் தட்டினான். அந்த பேட் இன்னொரு தட்டுக்கு நிற்காது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி "ஒரு கால் பச்சை". மறுபடி தட்டினான். மறுபடி "ஒரு கால் பச்சை". "அடேய், கையை எடுடா!" என்று நான் போட்ட சத்தம் என் மைக்கில் ஊருக்கே கேட்டது.

"தண்ணி குடிச்சுக்கிட்டே பாடறா! கெட்டிக்காரிதான்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது. சுழற்றத் தூக்கிய சாக்ஸ்கள் பாதியில் இறங்கின. முன்வரிசையில் கெல்ஸி வாயைத் திறந்தபடி நின்றாள்.

பேடின் பிளக்கைப் பிடுங்க ஓடினேன். மார்லி கையை நீட்டித் தடுத்தாள். பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்து, அடுத்த வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்பதுபோல அந்தக் குரலைக் கேட்டாள். முகம் முதலில் சிவந்தது. பிறகு கோணியது. பிறகு, என்னால் நம்பவே முடியவில்லை, சிரித்தாள். மைக்குக்கு வந்தாள்.

"நல்லா பாடறா இல்ல? பதினாறு வயசு. நாலஞ்சு வருஷமா எனக்காக இவதான் பாடறா. அந்த உச்சி எனக்கு இப்ப வரலை. வர்ற மாதிரி உங்க முன்னாடி வாயசைச்சேன். மன்னிச்சிடுங்க." பின்னால் திரும்பி, "லொரெய்ன், போதும். குட்டி தூங்கட்டும்" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

ஒருத்தரும் நகரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேஸின் தடித்த கம்பியில் அந்தப் பாட்டின் மெட்டைப் பாதி வேகத்தில் தொடங்கினேன். ஒத்திகை பார்த்ததே கிடையாது. ஆர்லோவுக்கு டிக் டிக் போயிற்று, பாவம், தாளம் தட்டிய என் காலைப் பார்த்துப் பார்த்து அடித்தான். சொன்னால் அவனுக்குத் தலைக்கனம் ஏறும், அப்படி ஒரு அடியை அவன் வாழ்நாளில் அடித்ததில்லை.

மார்லி கிட்டாரின் வால்யூமை முறுக்கிவிட்டாள். ஆம்ப்ளிஃபயர் உறுமியது. "ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு" என்று தன் சொந்தக் குரலில், கீழே, நிதானமாகத் தொடங்கினாள். சிறுபிள்ளைப் பாட்டு, வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவசரமாகக் கிளம்பிய காலைகள், பிரிந்து போன எவனோ ஒருவன், பனியில் மாற்றிய டயர், எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பீர்க் கோப்பைகள் மறுபடி கீழே இறங்கின.

கடைசி வரி வந்தது. அவள் நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"இந்த உச்சி எனக்கில்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, பாடுங்க!"

மைதானத்தில் இருந்த அத்தனை பெண்களும் மூச்சை இழுத்துப் பிடித்து "என்ன தப்பூ..." என்று ஏறினார்கள். ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! ஒருத்திக்கு இருமல் வந்தது. ஒருத்திக்குக் குரல் பாதியில் கிழிந்தது. முந்நூறு பேரில் ஒருத்திகூட உச்சியைத் தொடவில்லை. கொட்டகை மாடுகள் மொத்தமாகப் பதில் கொடுத்தன. ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வெடித்தது சிரிப்பு. கெல்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்களுக்கும் எட்டலடி மார்லி! எங்க யாருக்குமே எட்டல!"

மார்லி கிட்டார் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள். தோள் குலுங்கியது. கொஞ்சம் அழுகையும் அதில் இருந்தது. நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தத் 'தப்பு'வை மேலே கொண்டுபோகாமல் கீழே இறக்கினாள். படிப்படியாக இறக்கி, அவள் குரலின் அடித்தட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கூட்டமும் கூடவே இறங்கியது. அங்கே எல்லோருக்கும் எட்டியது. முந்நூறு பெண்கள் ஒரே குரலில் பிடித்தார்கள், பச்சையும் சிவப்பும் மெதுவாகச் சுழன்றன. நான் அழுதுகொண்டே வாசித்தேன்.

ஓரத்தில் டிராக்டர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் நேரம் முடிந்துவிட்டது. மார்லி கிட்டாரைக் கழற்றப் போனாள். அப்போது பின்வரிசையிலிருந்து, தண்ணி குடிச்சுக்கிட்டே பாடறா என்று கத்தினானே, அதே ஆள் எழுந்து நின்றான்.

"ஏம்மா, அந்த டயர் பாட்டு! இன்னொரு தடவ பாடிட்டுப் போயேன்!"

"ஆமா, டயர் பாட்டு!" என்று கெல்ஸி பிடித்துக்கொண்டாள். டிராக்டர்க்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டி, "பாடட்டும், நாங்க நிக்கறோம்" என்றார்.

மார்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"லொரெய்ன், கேட்டியா? டயர் பாட்டுங்கறாங்க."

"காது நல்லாத்தான் இருக்கு எனக்கு. முதல்ல சுருதியைச் சரி பண்ணு" என்றேன்.

ஆர்லோவோ, தன் இடது கால் சாக்ஸைக் கழற்றி அந்த பேட் மேல் போட்டுவிட்டு, இயர்போன் இல்லாத வெறும் காதோடு எங்களுக்காகக் காத்திருந்தான்.