எண் எண்பத்து மூன்று

புருஷனிடம் அடி வாங்கித் தப்பி ஓடிய பெண்கள் நூற்றுப் பத்துப் பேரிடம் பேராசிரியை தன் ஆய்வுக்காகப் பேசியிருந்தாள். "நீ சொல்றது என்னைத் தாண்டிப் போகாதும்மா" என்று ஒவ்வொருத்தியிடமும் கையைப் பிடித்துச் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு எண் போட்டாள். ஆனால் யார் எந்தத் தெருவில் ஒளிந்திருக்கிறாள் என்பது மட்டும் அப்படியே இருந்தது. காவல் நிலையம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்க்க அது வேண்டியிருந்தது.

அந்தக் கோப்பைத்தான் ஊரின் மறுகோடியில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இருந்த நண்பனுக்கு அனுப்பினாள். அவனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருஷப் பழக்கம், சேர்ந்து எழுதிய கட்டுரைகள் ஒன்பது.

"ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாமா?" என்று அவன்தான் கேட்டான்.

"நமக்குள்ள என்னடா பத்திரம்? எடுத்துக்கோ" என்று சிரித்தாள். படித்தவர்கள் மடத்தனம் செய்தால் அதற்கு நட்பு என்று பெயர் வைத்துக்கொள்வார்கள்.

தாடி வரைபடம் போட்டான். தெருத் தெருவாக எண் போட்ட சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில் நாலைந்து பேரின் கதை. பெரிய தாளில் அச்சடித்துத் துறை வராந்தாவில் ஒட்டினான். போகிறவர் வருகிறவர் எல்லாம் மெச்சினார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவனும் நின்று படித்தான். 'எண் 83. வயது முப்பத்தொன்று. இரண்டு பெண் பிள்ளைகள். இடது முழங்கைக்கு மேல் இஸ்திரிப் பெட்டிச் சூடு. தையல் வேலை.' பெயர் எதற்கு? சூடு வைத்தவனுக்குத் தன் கைவரிசை தெரியாதா? அவள் புள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தான். இரண்டு வருஷமாக அவளைத் தேடி நாயாய் அலைந்தவன், அன்று மத்தியானமே கருவிப் பையோடு கிளம்பிவிட்டான்.

அந்தத் தெருவில் தையல் கடை ஒன்றே ஒன்றுதான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கியாடி?" என்று கேட்டுவிட்டு ஸ்பானரால் வாயில் அடித்தான். இரண்டாவது அடியில் தாடை உடைந்தது. கத்தரியை எடுக்கப் போன வலது கையை மெஷின் மேல் அழுத்தி விரல் விரலாக நசுக்கினான். மூத்த பெண் பாய்ந்து அவன் காலைக் கடித்தாள். ஒரே உதையில் சுவரில் போய் மோதினாள். தெருவே கூடி அவனைக் கீழே போட்டு மிதித்தபோதும், "என் பொண்டாட்டி, நான் என்ன வேணா செய்வேன். அட்ரஸே சுவர்ல ஒட்டியிருக்கு!" என்று கத்தினான்.

இன்ஸ்பெக்டர் போனில் இதைச் சொன்னதும் பேராசிரியை வண்டியை எடுத்தாள். நேரே தாடியிடம் போனாள். வராந்தாவில் தாளைக் கிழித்தெறிந்தாள். அறைக்குள் போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மேசையில் கிடந்த தடிப் புத்தகத்தை எடுத்து மூக்கில் அடித்தாள். அவன் சட்டையெல்லாம் ரத்தம்.

"ஒட்டாதேன்னு நீ சொன்னியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினான்.

"இதையெல்லாம் சொல்லணுமாடா?"

"தெருப் பேரோட அனுப்பினது யாரு? நானும் மூணு பேருக்கு அனுப்பியிருக்கேன். எல்லாம் நம்மாளுங்கதானே!"

அதற்கும் ஒன்று வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே தையல்காரியின் தாடையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் நோட்டில் இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தாள்: 'டீச்சருக்கு மட்டும்தான் இடம் தெரியும். அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க.' படித்ததும் பேராசிரியைக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"நான்தாம்மா கொடுத்தேன். நம்பிக் கொடுத்துட்டேன். என்னை அடிச்சிடும்மா" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தையல்காரி நோட்டை இழுத்து ஒரு வரி எழுதினாள்: 'மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?'

பேராசிரியை போனை எடுத்தாள். தாடியைத் தேடிப் போய் அடித்ததில் இரண்டு மணி நேரம் போயிருந்தது. அதுவரை மற்ற நூற்றொன்பது பேரில் ஒருத்தியைக்கூட அவள் கூப்பிட்டிருக்கவில்லை.